அறுநூறு போன்களுக்குக் குங்குமம்

ஆகஸ்ட் 18, திங்கள்

வேலையில் சேர்ந்துவிட்டேன். பீளமேட்டில் மூன்றாவது மாடி. கீழே பம்புசெட் உதிரிபாகக் கடை, நடுமாடியில் பல் மருத்துவர். பெயர்ப்பலகை இல்லை. கதவில் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கர் மட்டும்.

முதலாளி கிருபாகரனுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. என் சான்றிதழ்களைப் புரட்டிக்கொண்டே, "எம்.ஏ. இங்கிலீஷுங்களா? அப்ப நம்ம புள்ளைங்க எழுதறதையெல்லாம் நீங்கதான் பாத்துத் திருத்தோணும். வெள்ளைக்காரன் இங்கிலீஷ் வேண்டாங்க. அந்தத் தீவுல மீன் விக்கிறவங்க பேசறாப்பல இருக்கோணும்" என்றார்.

அடையாளத்துக்கு பான் அட்டையைக் கொடுத்தேன். அதில் கணவர் பெயர் இருக்காது, அப்பா பெயர்தான்.

வீட்டில் கணவரிடம், ஏற்றுமதிக் கம்பெனியில் கடிதம் எழுதும் வேலை என்று சொல்லியிருக்கிறேன். "நல்லதாப் போச்சு அம்மிணி" என்று இடது கையால் ஒரு துளி சர்க்கரை எடுத்து என் வாயில் போட்டார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நான் ஏன் அங்கே போனேன் என்பதை ஒரு தடவை எழுதி வைத்துவிடுகிறேன். பிறகு அதைப் பற்றிப் பேச்சில்லை.

என் கணவர் மயில்சாமி மொரேவா தீவில் பதினோரு வருடம் இயற்பியல் ஆசிரியராக இருந்தார். ஆறு வருடங்களுக்கு முன்னால் அங்கே தேர்தல். அவர் பள்ளிக்கூடமே வாக்குச்சாவடி. அதற்கு முந்தைய வாரம் பத்தாம் வகுப்பு விடைத்தாள்கள் இருந்த பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு சிரித்தபடி நின்றார். உடன் தங்கியிருந்த அந்தோணி சார் அதை இவருடைய போனிலேயே படம் பிடித்தார். இவர் அதை எனக்கு அனுப்பினார், எனக்கு மட்டும். வாக்குப்பதிவு முடிந்த மறுநாள் அந்தப் படம் தீவு முழுக்கச் சுற்றியது. வாக்குப்பெட்டியைத் திருடும் வெளிநாட்டுக்காரன் என்று.

பள்ளி வாசலிலேயே அடித்தார்கள். வலது கை விரல்கள் நான்கை வாசல் கதவில் வைத்து நசுக்கினார்கள். இடது காது போய்விட்டது. பதினோரு நாள் சிறையில் வைத்து, விமானம் ஏற்றி அனுப்பினார்கள். இனி அவரால் சாக்பீஸ் பிடிக்க முடியாது.

அந்தப் படத்தைப் பரப்பியவர்களில் ஒருத்தி, மொரேவாவில் வாழும் நர்ஸ் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவள், ஒருநாள் தன் வீட்டு ஜன்னலில் மழை என்று ஒரு படம் போட்டாள். மழைக்குள் ஓர் ஆட்டோ நின்றது. அதன் எண் TN 66 என்று தொடங்கியது. எங்கள் ஊர்.

அதற்குப் பிறகு நான்கு வருடம் தேடினேன். இப்போது அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் எனக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 23, சனி

வேலை இதுதான். சுவர் முழுக்க இரும்பு அலமாரி. அதில் அறுநூற்றுப் பன்னிரண்டு போன்கள். ஒவ்வொன்றும் ஒரு மொரேவாக்காரர். பின்பக்கம் ஒட்டிய பிளாஸ்திரியில் பெயர், வயது, தொழில், சுபாவம். எனக்கு நாற்பது போன்கள். அதில் முக்கியமானவள் ரோஸி. 61 வயது, ஓய்வு பெற்ற நர்ஸ், மூட்டுவலி, கோபக்காரி.

பெரிய நாடு ஒன்றின் ஏதோ அலுவலகம்தான் வாடிக்கையாளர். ராணுவத்தைச் சேர்ந்தது என்கிறாள் உமா. அவர்கள் மொரேவாவில் யார் யாருடைய அஞ்சலுக்குள்ளும் போனுக்குள்ளும் புகுந்து எடுத்ததை அனுப்புகிறார்கள். அதற்கு இங்கே சரக்கு என்று பெயர். அதற்கு நாங்கள் ஒரு வரி எழுதி, அறுநூறு வாயால் பேச வைக்க வேண்டும். அதற்குத் தாளிப்பு என்று பெயர். அக்டோபர் 12 அங்கே தேர்தல்.

உமா என் மேசைக்கு எதிரே உட்காருகிறாள். முப்பத்தைந்து வயது. சிங்காநல்லூர். இன்று எனக்குப் பாதி பருப்புசாதம் கொடுத்தாள். நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 30, சனி

கேஸ் சிலிண்டர் வந்தது. அவர் முருங்கைக்கீரை ஆய்ந்து வைத்திருந்தார், இடது கையால், ஒரு மணி நேரமாக.

செப்டம்பர் 6, சனி

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இன்று பாடம் எடுத்தார் கிருபாகரன். இதுவரை செய்ததில் சிறந்தவற்றைத் திரையில் காட்டினார். மூன்றாவதாக வந்தது மயில்சாமி.

பெட்டி தோளில். சட்டையில் நான் தைத்துக் கொடுத்த பித்தான் வேறு நிறத்தில். மேலே ஒரே வரி: "நம் ஓட்டுகளை எங்கே தூக்கிக்கொண்டு போகிறீர்கள், ஆசிரியரே?"

"இதப் பாருங்க. கெட்ட வார்த்தை ஒண்ணுமில்ல, குத்தஞ்சொல்லல, மரியாதையா ஒரு கேள்வி. அவ்வளவுதான். நாலு மணி நேரத்துல ரெண்டு லட்சம் பேரு. யாரு எழுதுனதுன்னு நெனைக்கறீங்க?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உமா வெட்கப்பட்டு, "போங்க சார், அதெல்லாம் எந்தக் காலத்துது" என்றாள்.

நானும் மற்றவர்களோடு கை தட்டினேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

அவருக்கு நகம் வெட்டினேன். வலது கையில் நடுவிரலின் நகம் உள்நோக்கி வளைந்து வளர்கிறது. வெந்நீரில் ஊற வைத்துத்தான் வெட்ட வேண்டும். வாரம் ஒருமுறை, ஆறு வருடம். ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

"அந்தோணிதான் படத்தை வித்திருப்பான். அவனுக்கு அந்தப் போனோட பாஸ்வேர்டு தெரியும்" என்றார். மாதம் ஒருமுறையாவது சொல்வார். அந்தோணி சார் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கூப்பிடுவார். இவர் எடுக்க மாட்டார்.

நான் உமாவின் விரல்களை நினைத்துக்கொண்டிருந்தேன். மெலிந்த, சுத்தமான விரல்கள். வேகமாகத் தட்டச்சு செய்பவள்.

செப்டம்பர் 11, வியாழன்

தேர்தல் ஆணையர் ஹெலன் பற்றிய சரக்கு வந்தது. ஐம்பத்தெட்டு வயதுப் பெண். தூக்கம் வராமல் மாத்திரை கேட்டு மருத்துவருக்கு எழுதிய கடிதம். ரோஸியாக இருந்து எழுதினேன்: "நானும் நர்ஸாக இருந்தவள்தான். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு என் வார்டில் தண்ணீர் டம்ளரைக்கூட நம்பிக் கொடுக்க மாட்டேன். இவரிடம் நம் ஓட்டுகளைக் கொடுத்திருக்கிறோம்."

கிருபாகரன் எழுந்து வந்து படித்தார். "அக்கா, உமாவுக்குப் போட்டி வந்துருச்சுங்க."

வேறு வழியில்லை. என்மேல் நம்பிக்கை வராமல் பழைய கோப்புகள் கைக்கு வராது.

செப்டம்பர் 13, சனி

மதியச் சாப்பாட்டில் பேச்சு பழைய தேர்தலுக்குப் போனது. நானேதான் கொண்டுபோனேன். அந்த வாத்தியார் படம் எப்படிக் கிடைத்தது, உடன் இருந்தவர்கள் யாராவது கொடுத்தார்களா என்று கேட்டேன்.

உமா சிரித்தாள். "ஐயோ, அது பெரிய கூத்துக்கா. அந்த ஸ்கூல்ல யாரு போனும் தெறக்கல. அப்பறம் வாத்தியாரோட பொண்டாட்டி இங்கதான் எங்கியோ இருந்திருக்குது. உங்களுக்கு வெளிநாட்டுல இருந்து பார்சல் வந்திருக்குதுன்னு ஒரு லிங்க் அனுப்புனாங்களாமா. பட்டுன்னு அமுக்கிப்போடுச்சு. என்ன பார்சல்னு நெனச்சுதோ. மொத்த சாட்டும் கைக்கு வந்துருச்சு."

"அப்படியா."

"அந்தாளு பொண்டாட்டி பேர 'வீடு'ன்னு சேவ் பண்ணி வெச்சிருந்தாராமா. அதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம். கோப்புல எல்லாமே இருக்குதுக்கா, ஒம்பதாம் பக்கம். மோர் ஊத்தட்டுங்களா?"

ஊற்றச் சொன்னேன். கொஞ்சம் புளித்திருந்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன்.

செப்டம்பர் 15, திங்கள்

அந்தத் தேர்தல் நடந்த மாதம் என் பிறந்தநாளுக்கு ஒரு கைக்கடிகாரம் அனுப்புவதாக அவர் சொல்லியிருந்தார். அதைப் பற்றி இவ்வளவுதான்.

செப்டம்பர் 17, புதன்

மொரேவாவில் செலீன் என்று ஒரு பத்திரிகையாளர். இந்தப் போலிக் கணக்குகளைப் பற்றி இரண்டு வருடமாக எழுதுகிறாள், யாரும் நம்பவில்லை. அவளுக்கு என் பெயர் சொல்லாமல் எழுதினேன். பதில் வந்தது. பட்டியல் தன்னிடம் இருக்கிறது என்கிறாள். ஆனால் அறுநூறு பேரும் நிஜ மனிதர்கள் என்று அவர்கள் சாதிப்பார்களாம். எல்லாரும் ஒரே அறையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று காட்ட ஏதாவது வேண்டும். வெறும் கோப்பு கொடுத்தால் நாமே புனைந்தது என்று சொல்லிவிடுவார்கள்.

அவள் சொல்வது சரி. நானாக இருந்தாலும் ரோஸியை வைத்து அப்படித்தான் சொல்ல வைப்பேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

அலுவலகச் சுவரில் ஆயுத பூஜைப் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கின்றன. ஒவ்வொரு வருடமும் எல்லாரும் நின்று எடுத்துக்கொண்டது. கீழே தேதி. பின்னால் அலமாரி, ஒவ்வொரு போனுக்கும் சந்தனம், குங்குமம். ஒரு திரையில்கூட வெளிச்சமில்லை.

கடைசி நான்கு படங்களின் தேதிகளை இரண்டு முறை படித்தேன். அக்டோபர் 14. அக்டோபர் 4. அக்டோபர் 23. அக்டோபர் 11.

வெளியே வந்து செலீனுக்கு அந்த நான்கு தேதிகளை மட்டும் அனுப்பினேன், எந்தெந்த வருடம் என்று. அவள் பட்டியலில் இருப்பவர்கள் அன்று என்ன பேசினார்கள் என்று பார்க்கச் சொன்னேன்.

செப்டம்பர் 20, சனி

செலீன் எழுதியிருக்கிறாள். நான்கு வருடத்திலும் அந்த ஒரு நாள் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மீனவர், நர்ஸ், டாக்ஸி ஓட்டுநர், கல்லூரி மாணவி, எல்லாரும். மொரேவாவில் அந்தத் தேதிகளுக்கு ஒரு விசேஷமும் கிடையாது. ஏன் என்று கேட்டாள்.

அன்று எங்கள் கருவிகளைச் சாமி முன் வைத்துவிடுவோம், தொட மாட்டோம் என்று எழுதினேன். கருவிகள் என்றால் எவை என்று கேட்டாள். எது சோறு போடுகிறதோ அது என்றேன்.

இந்த வருடம் அது நடப்பதற்கு முன்பே ஊரறியச் சொல்லிவிட்டு, நடக்கும்போது எல்லாருக்கும் காட்டலாமா என்று கேட்டாள்.

காட்டலாம். அக்டோபர் 1.

செப்டம்பர் 24, புதன்

வாடிக்கையாளர் தரப்பில், கேமராவை அணைத்து வைத்துக் கிருபாகரனிடம் பேசும் குரல் இன்று ஒரே வரி சொன்னது. தேர்தல் வரை விடுமுறை கிடையாது. ஒரு மணி நேரம்கூட.

கிருபாகரன் வெளியே வந்து உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. "என்ற அப்பா லேத்துப் பட்டறை வெச்சிருந்தாருங்க. ஒரு வருசம் அவசர ஆர்டர்னு பூஜையன்னைக்கு ஓட்டுனாரு. நடுவெரலு போயிருச்சு. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."

"சார், எதுக்கு இவ்வளவு யோசனை" என்றாள் உமா. "மொதல் நாளே எல்லாத்தையும் எழுதி நேரம் குறிச்சு வெச்சுட்டாத் தானாப் போயிட்டே இருக்கும். நாம தொடவே வேண்டியதில்ல. பொட்டு வெச்சமா, பொரி தின்னமான்னு இருக்கலாம்."

அவர் முகம் தெளிந்தது. என் நான்கு வருடம் அந்த ஒரு நொடியில் கீழே விழப் பார்த்தது.

"தானா ஓடுனாலும் ஓடறதுதானுங்களே சார்" என்றேன். "உங்கப்பா லேத்தும் கரண்டுல தானாத்தான ஓடுச்சு."

உமா என்னை முறைத்தாள். கிருபாகரன் தன் கையை விரித்து, விரல்களைப் பார்த்தார்.

"அக்கா சொல்றதுதான் சரி. நிறுத்திப்போடலாம். சர்வர் ரிப்பேருன்னு அவனுக்குச் சொல்லிக்கறேன். நம்ம சாமியப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்."

செப்டம்பர் 27, சனி

ஹெலன் வீட்டு ஜன்னலில் கல் எறிந்திருக்கிறார்கள். அவருடைய கணவருக்கு நெற்றியில் ஆறு தையல்.

ரோஸி வரியை எழுபதாயிரம் பேர் பகிர்ந்திருக்கிறார்கள்.

இன்னும் நான்கு நாள்தான்.

அக்டோபர் 1, புதன்

காலையிலிருந்து போன்களைத் துடைத்தோம். ஈரத்துணியால் ஒருத்தி, உலர்ந்த துணியால் ஒருத்தி. பதினோரு மணிக்கு எல்லாவற்றையும், அந்தக் குரல் கூப்பிடும் போனையும் சேர்த்து, அணைத்தாயிற்று. உமாவும் நானும் பொட்டு வைத்தோம். அவள் சந்தனம், நான் குங்குமம். அறுநூற்றுப் பன்னிரண்டு.

"உங்க ரோஸிக்குப் பெருசா வைங்கக்கா, உழைச்சிருக்குது" என்றாள்.

பெரிதாகவே வைத்தேன்.

மாடிப்படி முனையில் பூசணிக்காய் உடைத்தார்கள். பல் மருத்துவர் எட்டிப் பார்த்து, "நோயாளிங்க வழுக்கி விழுந்து காலு ஒடஞ்சா நீங்களா வந்து பாப்பீங்க? நான் பல்லுதானுங்க பாக்கறேன்" என்றார். அவருக்கும் ஒரு பொட்டலம் பொரி கொடுத்தார்கள். கற்பூரத் தட்டை நீட்டும்போது கிருபாகரன் கண்ணை மூடியிருந்தார். நான் திறந்தே வைத்திருந்தேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று இங்கே எழுதப் போவதில்லை.

அங்கே, மொரேவாவின் பெரிய பத்திரிகையின் இணையப் பக்கத்தில், செலீன் காலையிலேயே பட்டியலைப் போட்டுவிட்டாள். இந்த அறுநூற்றுச் சொச்சம் பேரும் இன்று ஊமையாகிவிடுவார்கள், பாருங்கள் என்று. மக்கள் ரோஸியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார்களாம். மூட்டுவலி எப்படி இருக்கிறது, உயிரோடு இருக்கிறாயா என்று.

அக்டோபர் 2, வியாழன்

காலை பத்து நாற்பதுக்கு நல்ல நேரம். எல்லாப் போனையும் ஒரே சமயத்தில் போட்டோம். அங்கே அறுநூறு பேரும் ஒன்றாக விழித்துக்கொண்டதைத் தீவு முழுக்க உட்கார்ந்து பார்த்திருக்கிறது.

இங்கே முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு உமா திரையைப் பார்த்து, "சார்" என்றாள்.

அவர்கள் அலறி ஓடிய அந்த அரை மணி நேரத்தில் பழைய தேர்தல் கோப்புகளையும், யார் எந்தப் போனுக்கு என்ற பதிவையும் நான் எடுத்துக்கொண்டேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. நாற்பத்தைந்து வயதுப் பெண் அலமாரி ஓரமாகப் பொரி பொறுக்குகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

அக்டோபர் 3, வெள்ளி

செலீனுக்கு எல்லாம் அனுப்பியாயிற்று. வாத்தியார் கோப்பு பதினான்கு பக்கம். அனுப்பும்போது பதின்மூன்று.

உமாவின் பெயரை எடுத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பருப்புசாதம் நினைவுக்கு வந்தது. பிறகு ஞாயிற்றுக்கிழமை வெந்நீர் நினைவுக்கு வந்தது. விட்டுவிட்டேன். ரோஸிக்கும் என்னுடைய மற்றப் போன்களுக்கும் நேரே இருந்த பெயரை மட்டும் எடுத்தேன்.

அக்டோபர் 8, புதன்

வெளிவந்துவிட்டது. மாலையில் போலீஸ் மூன்றாவது மாடியைப் பூட்டி முத்திரை வைத்தது. போன்களைச் சாக்கில் கட்டி இறக்கினார்களாம், குங்குமத்தோடு.

அந்தப் பெரிய நாடு ஆதாரமற்ற கற்பனை என்று இரண்டு வரியில் மறுத்துவிட்டது. கேமராவை அணைத்து வைத்த குரலுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அது எனக்குத் தெரிந்ததுதான். கைக்கு எட்டியவர்களைப் பிடித்தேன்.

அக்டோபர் 9, வியாழன்

அவரிடம் சொன்னேன். ஏற்றுமதிக் கம்பெனி இல்லை, இது நான் செய்தது என்று. செலீன் எழுதியது முழுவதையும், அவள் வெளியிட்ட கோப்புப் பக்கங்களோடு, அச்செடுத்துக் கொடுத்தேன். அதில் மொரேவா அரசின் அறிக்கையும் இருக்கிறது: ஆசிரியர் மயில்சாமி குற்றமற்றவர்.

அந்த வரியை விரலால் தடவிப் படித்தார். "நீயும் எழுதுனியா?" என்றார்.

"கொஞ்சம். வேற வழி இல்லைங்க."

தலையாட்டினார். பிறகு மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார்.

அக்டோபர் 12, ஞாயிறு

அங்கே வாக்குப்பதிவு. யார் வருவார்கள் என்று எனக்கு அக்கறையில்லை. இட்லிக்கு ஊறப் போட்டேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

உமா கூப்பிட்டாள். ஜாமீனில் வந்திருக்கிறாளாம். அழுதுகொண்டே பேசினாள். "பேப்பர்ல என்ற பேரு, போட்டோ, எல்லாம் வந்திருச்சுக்கா. தெருவுல ஒருத்தரும் மொகம் குடுத்துப் பேச மாட்டேங்கறாங்க. எம்புள்ளையை ஸ்கூல்ல கேக்கறாங்களாமா. நான் ஒரு வரி எழுதுனேன், அவ்வளவுதானக்கா."

"ஒரு வரிதான் உமா."

"உங்க பேரு வரவே இல்லையேக்கா. எப்படிக்கா?"

ஆறு வருடம் நான் காத்திருந்தது இந்த இடத்துக்குத்தான். அதை விடுவதற்கு மனம் வரவில்லை. "வாத்தியாரோட பொண்டாட்டின்னு சொன்னியே, 'வீடு'ன்னு சேவ் பண்ணி வெச்சிருந்தாருன்னு. அது நான்தான்" என்றேன்.

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. இவ்வளவு இனிமையான ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை.

போனை வைப்பதற்கு முன்னால், அழுகையெல்லாம் நின்று போன குரலில், "ஒம்பதாம் பக்கத்த மட்டும் காணம்னு பாத்தேன்" என்றாள்.

அக்டோபர் 17, வெள்ளி

அவர் எல்லாவற்றையும் மூன்று முறை படித்துவிட்டார். பென்சிலால் கோடு போட்டிருக்கிறார். "எட்டுக்கப்புறம் பத்து இருக்குது. அந்தப் படம் எப்படி அவங்க கைக்குப் போச்சுன்னு மட்டும் இல்லியே" என்றார்.

"அங்கிருந்து வரும்போதே அப்படித்தாங்க இருந்துச்சு."

"அந்தோணிதான்னு உறுதியாத் தெரிஞ்சா எனக்கு மனசு ஆறிரும். இல்லைன்னு தெரிஞ்சா, கிறிஸ்துமஸுக்கு முன்னாலயே நானே கூப்புட்டுப் பேசிருவேன். பாவம், ஆறு வருசம்."

அக்டோபர் 18, சனி

காலையில் குளித்துவிட்டு வந்து, வெள்ளைச் சட்டை எங்கே என்று கேட்டார். உமா வீட்டுக்குப் போகிறாராம். விலாசத்தைச் செய்தித்தாளில் இருந்த தெருப் பெயரை வைத்து விசாரித்துக்கொள்வாராம்.

"அவகூட என்னங்க பேச்சு? வேண்டாம்" என்றேன்.

"திட்டறதுக்குப் போகல அம்மிணி. ஒண்ணே ஒண்ணு கேக்கோணும். அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்."

நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம், நீ செய்தது போதும் என்றார்.

சட்டையைத் தேய்த்துக் கொடுத்தேன். இடது கைப் பித்தானை நான்தான் போட்டுவிட வேண்டும். போட்டுவிட்டேன். பத்தரைக்குக் கிளம்பினார். சிங்காநல்லூருக்குப் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். இப்போது மணி பதினொன்று இருபது.